மூத்தவளிடம் நான் கேட்காதது

இளையவளுக்குப் பிள்ளை பிறந்து நேற்றோடு 60 நாள். அவள் உள்ளறையில் தூங்குகிறாள். பேரன் என் மடியில் கிடக்கிறான். ராத்திரி மணி இரண்டு. இந்த நேரம்தான் எனக்கு எழுதக் கிடைக்கிறது, அதுவும் ஒரு கையால்.

இதே பாளையங்கோட்டை வீட்டில், இதே அறையில், 2018 ஆகஸ்டில் மூத்தவளைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். சிசேரியன். பெண் குழந்தை. அவளுக்குச் சென்னையில் ஐடி வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பச்சை உடம்புக்காரிக்குச் செய்ய வேண்டியதில் ஒன்றையும் நான் விடவில்லை. காலையில் லேகியம். பதினொரு மணிக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. மத்தியானம் பூண்டுக் குழம்பு, கிடைத்த நாளெல்லாம் பால் சுறாப் புட்டு. தலைக்கு ஊற்ற நொச்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீர். தபால் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு அடுப்படியிலேயே கிடந்தேன். உடம்பைத் தேற்றி அனுப்பணும், அது ஒன்றுதான் என் நினைப்பு. உடம்பும் தேறிக்கொண்டுதான் வந்தது.

மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழ ஆரம்பித்தாள். பால் இன்னும் சரியாகச் சுரக்கவில்லை, தையல் வலி, அதனால் அழுகிறாள் என்று நினைத்தேன். அதுவரைக்கும் நான் நினைத்ததில் தப்பில்லை. பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்: பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரண்டாம் மூன்றாம் நாளில் இந்த அழுகை வரும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோனும் சரசரவென்று இறங்கிவிடுகின்றன. காரணமே இல்லாமல் கண் நிறையும், எரிச்சல் வரும், அடுத்த நிமிஷம் சிரிப்பும் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், அப்போதுதான் கவனிக்கணும்.

மூத்தவளுக்கு வடியவில்லை. நான் நாளை எண்ணவும் இல்லை.

மூன்றாவது வாரம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போனால் அடுப்படியில் விளக்கு எரிகிறது. அவள் தொட்டிக்கு முன்னால் நின்று, பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் அலசுகிறாள், வெளிச்சத்தில் தூக்கி அந்த மூக்கைப் பார்க்கிறாள், மறுபடி சோப்புப் போடுகிறாள். நான் கதவோரம் நின்று பார்த்தபோதே ஐந்தாறு தடவை ஆகிவிட்டது. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பிள்ளை உள்ளே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கேன் தாயி" என்றேன். "தூக்கம் வரலம்மா" என்றாள். பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமல் போவது சாதாரணக் களைப்பு இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி அவள் கையில் கொடுக்கப் போனேன். வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அம்மா, நான் இவளைக் கீழே போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. அந்த மாதிரியே மனசுல படமா ஓடுது" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பிள்ளை பெத்த வீட்டுல இப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயைப் பொத்தினேன். சாமி அலமாரியிலிருந்து திருநீறு எடுத்து இரண்டு பேர் நெற்றியிலும் பூசினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பேச வந்த பிள்ளையின் வாயை நானே அடைத்தேன். ஏழு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிற கல் இதுதான். இப்படி வேண்டாத காட்சிகள் மனசில் வந்து பயமுறுத்துவது புதுத் தாய்மார்கள் பலருக்கும் உண்டு, அதைக் கண்டு அவர்கள் நடுங்குவதே அவர்கள் அதைச் செய்ய விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது என்று டாக்டர் சொன்னார். அதை அன்றே அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்லணும். படியேறும்போதே "பால் இருக்கா? பிள்ளைக்குப் போதுதா?" என்பார்கள். உட்கார்ந்ததும் "பொம்பளைப் பிள்ளையா, சரி, அடுத்தது பையனாப் பிறக்கும்" என்பார்கள். சம்பந்தி வீட்டிலும் அதைச் சொன்னார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன, நானே ஒருநாள் களி கிண்டிக்கொண்டே அதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஆறாவது வாரம் தடுப்பூசிக்குக் குழந்தை டாக்டரிடம் போனோம். நடுவயது அம்மா அவர். பிள்ளையின் எடையைப் பார்த்து "நல்லா ஏறியிருக்கே" என்றார். ஊசி போட்டார். பிறகு மூத்தவளைப் பார்த்து, "பாப்பா சிரிக்க ஆரம்பிச்சுட்டாளா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, "நீ எப்படி இருக்கம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் காத்திருந்தார். என் மகள் அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஆறு வாரத்தில் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவர் சொல்லித்தான் மனநல மருத்துவரிடம் போனோம். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு பதில், கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தது என்று டிக் அடிக்கணும். பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் தாள் அது, எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987ல் ஸ்காட்லாந்தில் உண்டாக்கியது. தமிழ் வடிவம் 2005ல் சரிபார்த்து வெளிவந்திருக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். 13ம் அதற்கு மேலும் வந்தால் கட்டாயம் டாக்டர் உட்கார்ந்து பேசணும். 10ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்வார்கள். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி, அந்த ஒரு கேள்விக்கு 'இல்லவே இல்லை' தவிர வேறு பதில் வந்தால் அன்றே பேசியாகணும்.

அந்தத் தாளில் எனக்குப் பிடித்த விஷயம், களைப்பா இருக்கா, பசிக்குதா என்று அது கேட்பதில்லை. கைப்பிள்ளைக்காரி எல்லோருக்கும் களைப்பு இருக்கும்தானே? சிரிக்க முடிந்ததா, வரப்போகும் நாளை ஆசையாக எதிர்பார்க்க முடிந்ததா, தேவையில்லாமல் உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாயா, தூங்க முடியாத அளவுக்கு மனசு வருத்தமாக இருந்ததா என்றுதான் கேட்கும்.

தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் நான். எத்தனை ஆயிரம் பேருக்குப் படிவம் நிரப்பியிருப்பேன். பேர் என்ன, அப்பா பேர் என்ன, வாரிசு யார், கையெழுத்தா ரேகையா என்று கேட்டுக் கேட்டு எழுதியவள். என் மகளுக்கு 21 வந்திருந்தது. பத்தாவது கேள்வியில் அவள் 'எப்போதாவது' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தாள். அந்த டிக்கைப் பார்த்துவிட்டுக் கக்கூஸில் போய் நின்று அழுதேன்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னாலும் பின்னாலும் பார்த்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள், 2002ல் வெளிவந்தது. நூற்றுக்கு 11 பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எதெல்லாம் இதற்கு வழிவிட்டது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது என் வீட்டுக்குள் வந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. வருமானக் குறைவு, பையன் வேண்டும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் வந்த துக்கங்கள், கைக்கு உதவி இல்லாதது. 'பெற்றவர்களோடும்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017ல் வந்த கணக்கு 22 சதவீதம் என்கிறது. அஞ்சு பேரில் ஒருத்தி. நம் தெருவில் எத்தனை தொட்டில் ஆடுகிறதோ எண்ணிப் பாருங்கள்.

ரத்தத்தில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறினாலும், ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி தெரியுமாம், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடணும். அவளுக்கு ரத்தம் குறைவாக இருந்தது, அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின். மாத்திரை என்றதும் வீட்டில் எல்லோரும் "பால் வழியா பிள்ளைக்குப் போயிருமே" என்று பதறினோம். இந்த மாத்திரை பாலில் மிகச் சொற்பமாகத்தான் போகும், தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். வாரம் ஒருநாள் பேச்சு வைத்தியம். மாத்திரை பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தியிருந்தால் அவ்வளவுதான். சரியான பிறகும் மாதக்கணக்கில் சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட்டாள்.

மருந்துச் சீட்டின் அடியில் டாக்டர் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்: இரவில் தொடர்ந்து 5 மணி நேரத் தூக்கம். "இதுவும் மருந்துதான், இதைக் கொடுக்க வேண்டியது நீங்க ரெண்டு பேரும்" என்று என்னையும் மாப்பிள்ளையையும் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு மாதம் லீவு போட்டு வந்தார். ராத்திரி பத்திலிருந்து மூன்று வரை அவர் முறை. எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுக்க நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலாவது நாள் காலையில் மூத்தவள் எழுந்து வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். நான் ஊட்டாமல் அவளாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

என் அம்மா ஞாபகம் வந்தது அப்போதுதான். மூத்தவள் பிறந்தது 1989ல். எங்கள் கிராமத்து வீட்டில் கொல்லையில் கிணறு. பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் ஒரு காலம் இருந்தது. எதுவும் பிடிக்காது, கிணற்றடியில் போய் நின்றால் அங்கேயே நிற்பேன். அம்மா ஒருநாள் ஆளை வைத்துக் கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடினாள், மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்து, தன் முந்தானை நுனியையும் என் முந்தானை நுனியையும் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். நான் புரண்டால் அவள் விழித்துக்கொள்வாள். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா நாலாம் வகுப்பு படித்தவள். அவள் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் படித்தவள், சம்பாதித்தவள், எனக்குத் தெரியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அந்த முடிச்சைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கலாம்.

சரி, இளையவள் விஷயத்துக்கு வருகிறேன். கூடப் பிறந்தவளுக்கு வந்திருந்தால் இவளுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வளைகாப்பு முடிந்த மறுவாரமே அவளுடைய மகப்பேறு டாக்டரிடம் நானே போய் மூத்தவள் கதையைச் சொன்னேன். வருவதற்கு வாய்ப்புள்ளவர்கள் என்று தெரிந்தால் கர்ப்பத்திலேயே ஆலோசனைப் பேச்சைத் தொடங்கினால் பலருக்கு வராமலே தடுக்கலாம் என்றார். இளையவள் நாலைந்து தடவை போய்ப் பேசினாள். யாரிடம் உதவி கேட்டால் கூசாது, யார் பேச்சு குத்தும், யார் வந்தால் அழுகை வரும் என்று அங்கே பட்டியலே போட்டிருக்கிறாள். என் பேர் எந்த வரிசையில் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் சிலவற்றை மாற்றினோம். பெயர் வைக்கும் சடங்கை 16ம் நாள் கூட்டமாக வைக்காமல் மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிவிட்டோம். சொந்தக்காரர்கள் சிலருக்கு மனத்தாங்கல்தான், இருந்துவிட்டுப் போகட்டும். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: பால் பற்றிக் கேட்க வேண்டாம், அரை மணி நேரம் போதும், வந்தது வந்தீர்கள் நாலு துணியை மடித்துக் கொடுங்கள். ராத்திரி பத்திலிருந்து மூன்று வரை பிள்ளை என்னிடம். சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது "இன்னைக்கு நீ எப்படி இருக்க?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு அந்த டாக்டர் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதுதான் எனக்கு ரொம்பச் சிரமம். சும்மா இருக்க வராது எனக்கு. ஆனால் நான் சும்மா இருக்கும்போதுதான் அவள் பேசுகிறாள்.

அவளுக்கும் நாலாம் நாள் அழுகை வந்தது. இந்தத் தடவை நாள்காட்டியில் குறித்தேன். பத்தாம் நாள் நின்றது. மூன்றாம் வாரம் அந்தப் பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தேன். 5. ஆறாம் வாரம் 4.

ஆறாம் வாரத்தில் மூத்தவள் போனில், "அம்மா, மாப்பிள்ளைக்கும் ஒரு தாள் கொடு" என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை. சின்ன மாப்பிள்ளை தூத்துக்குடியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து, விடியும்முன் கிளம்பிவிடுவார். கொஞ்ச நாளாக வந்ததும் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விடுவார், பிள்ளையைத் தூக்கச் சொன்னால் "கை அழுக்கு அத்தை" என்பார். கடை அலைச்சல் என்று நினைத்தேன். 2018ல் நினைத்த மாதிரியே. அவர் டிக் அடித்துக் கொடுத்த தாளைக் கூட்டினால் 14.

அப்பாமார்களிலும் பத்தில் ஒருவருக்கு இது வரும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2010லேயே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனைவிக்கு இருந்தால் கணவனுக்கும் வர வாய்ப்பு கூடும், மனைவி நன்றாக இருந்தாலும் கணவனுக்கு வரலாம். ஆண்கள் அழ மாட்டார்கள், சிடுசிடுப்பார்கள், போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள், வீட்டுக்கு வர நேரமாக்குவார்கள். அதனால் யார் கண்ணிலும் படாது. டாக்டரிடம் வர அவருக்குக் கூச்சம். அதனால் முதலில் 14416க்குப் பேசச் சொன்னேன். மனநல உதவிக்கான மத்திய அரசின் டெலி மனஸ் எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். மொட்டை மாடியில் நின்று நாற்பது நிமிஷம் பேசினார். கடைக் கடனைப் பற்றி இளையவளிடமே சொல்லாமல் வைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது டாக்டரையும் பார்க்கிறார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், அவசரம் அது. பிரசவமான சில நாளிலேயே ஒருத்தி தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால், இல்லாத சத்தம் கேட்கிறது என்றால், பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டால், அது வேறு நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். ஊரில் ஜன்னி என்று சொல்லி வேப்பிலை அடிப்பார்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவளைத் தனியாக விடக்கூடாது. பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் உண்டு. 2017 மனநலச் சட்டப்படி மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துப் பார்க்க 2009லிருந்து தனிப் பிரிவே இருக்கிறது.

மணி மூன்றாகப் போகிறது. பேரன் உதட்டைச் சப்புக்கொட்டுகிறான். சின்ன மாப்பிள்ளை இன்று கடைக்குப் போகவில்லை, மூன்று மணி முறை அவருடையது என்று அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மூத்தவள் நேற்று ரயிலில் வந்தாள், மகளுக்கு இரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. படுக்கப் போகும் முன் பாலாடையை ஒரே தடவை கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி, "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள்.